ஸ்டார்ட் பண்ணி வை தம்பி

மாமா கனடாவில இருக்கிறார், அவற்ற கார் பருத்தித்துறையில நிக்குது, அந்தக் காரின்ர திறப்பு நெல்லியடியில எங்கட வீட்டுச் சாமியறை ஆணியில தொங்குது. யாழ்ப்பாணத்தில இது ஒண்டும் புது ஏற்பாடில்லை. மாமாவின்ர ஒழுங்கையில மட்டும் மூண்டு கார் உப்பிடி நிக்குது, ஒண்டு தறப்பாள் போத்துக்கொண்டு, ஒண்டு மாமரத்துக்குக் கீழ சருகும் குருவி எச்சமுமா, மற்றது மாமாவின்ர டொயோட்டா விற்ஸ், தகரக் கொட்டிலுக்குள்ள. நல்லூர்க் கொடியேற ஆக்கள் வருவினம், 25 நாளும் ஓடித் திரிவினம், தேர் தீர்த்தம் முடியச் சாமானைக் கட்டிக்கொண்டு பிளேன் ஏறுவினம். மிச்ச மாசமெல்லாம் அந்தக் கார் ஆரோ ஒரு மருமகன்ர பொறுப்பு.

வெளிக்கிட முதல் மாமா சொல்லுறது ஒரே வசனம். "தம்பி, கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை, இல்லாட்டி பற்றரி இறங்கிப்போடும்." அங்க போயிறங்கி வட்ஸப்பில வொய்ஸ் மெசேஜ் போட்டாலும் அதேதான், "ஸ்டார்ட் பண்ணி வைச்சனியோ?" நானும் சொன்ன சொல் தவறாத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலமை மோட்டச்சைக்கிள்ல போய், படலையைத் திறந்து, காரை ஸ்டார்ட் பண்ணி, ஏசியைப் போட்டு, பத்துப் பதினஞ்சு நிமிசம் போனை நோண்டிக்கொண்டு இருந்திட்டு, நிப்பாட்டி, ஹாண்ட்பிரேக்கை கிறிக் கிறிக் எண்டு நல்லா மேல இழுத்துவிட்டு வீட்டை வந்திடுவன். கார் ஒரு அடி முன்னுக்குப் போகேல்லை, ஒரு அடி பின்னுக்குப் போகேல்லை. வருசம் முடியேக்க பற்றரி புதுசு மாதிரி நிண்டது. பிரேக்தான் செத்துப்போச்சுது.

மாமா வாறதுக்கு மூண்டு கிழமைக்கு முதல், சரி காரை ஒருக்கா கழுவி எடுப்பம் எண்டு ரிவேர்ஸ் போட்டன். எஞ்சின் உறுமுது, கார் அசையேல்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினன், பின்னால "டொக்" எண்டு ஒரு சத்தம், தகரத்தில தேங்காய் விழுந்த மாதிரி, அதோட கார் பாய்ஞ்சு வெளிய வந்திட்டுது. பயத்தில பிரேக்கில கால் வைச்சன் பாருங்கோ, அப்ப கேட்ட சத்தத்தை எழுத்தில கொண்டுவாறது கஷ்டம், திருவலையாலத் தகரத்தைச் சுரண்டினா எப்பிடி இருக்கும், அது. ஒழுங்கை தாண்டி மெயின் றோட்டில ஏறின பிறகு பிரேக் பிடிக்கப் பிடிக்க மிதி காலுக்குக் கீழ துடிக்குது, ஸ்டியரிங் ஆடுது, கார் வலப்பக்கம் இழுக்குது, வலப்பக்கம் எண்டா எங்கட நாட்டில எதிர வாற பஸ்ஸுக்கு நேர. இருவது கிலோமீற்றர் வேகத்தில, ஓட்டோக்காரர் எல்லாம் திரும்பிப் பாத்து முறைச்சுக்கொண்டு போக, நெல்லியடிக்குக் கொண்டுவந்து சேர்த்தன்.

எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணை ஒராள் இருக்கிறார், வேப்பமரத்துக்குக் கீழ கராஜ், போர்டும் கிடையாது. பதினாலு வயசில வேலை பழக வந்தவர், 90களில பெற்றோல் இஞ்ச வரவிடாமல் தடை இருந்த காலத்தில ஒஸ்ரின் ஏ நாப்பது, மொறிஸ் மைனர் எண்ட பழைய இங்கிலாந்துக் கார்களை மண்ணெண்ணெயில ஓட வைச்ச கை. ரெண்டு சொட்டு பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினாப்போல மண்ணெண்ணெய்க்கு மாத்தி, புகையோட ஓடின கார்களைச் சின்னப்பிள்ளையில நானும் கண்டிருக்கிறன். அண்ணை காரைச் சுத்தி வரக்கூட இல்லை. நான் வந்து நிப்பாட்டின சத்தத்திலயே விளங்கீட்டுது.

"எவ்வளவு காலம் நிண்டது?"

"நிக்கேல்லை அண்ணை, கிழமைக்குக் கிழமை ஸ்டார்ட் பண்ணினனான்."

"ஸ்டார்ட் பண்ணினனி. ஓடினனியோ?"

நான் பேசேல்லை.

சில்லைக் கழட்டினாப்பிறகு பாத்தன், சில்லோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டு, பிரேக் டிஸ்க், முன்னுக்கு ரெண்டும் மண்ணுக்குள்ள கிடந்து தோண்டி எடுத்த சாமான் மாதிரி. டிஸ்க்கை ரெண்டு பக்கத்தாலயும் நெரிச்சுப் பிடிக்கிற பாட் ஒட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் ஒரு நிறம், பாட்டின்ர அச்சு அப்பிடியே விழுந்திருக்குது, மிச்ச இடமெல்லாம் அம்மை வந்த முகம் போல குழி. ஒவ்வொரு சுத்துக்கும் அந்த அச்சு பாட்டுக்குள்ளால போகேக்கதான் கால்ல துடிக்கிறதாம்.

மாமாவின்ர வீடு கடலுக்கு முந்நூறு மீற்றர்தான். கார்த்திகை மார்கழியில வாடைக்காத்து எழும்பினா அலை முருகைக்கல்லில அடிச்சுத் தூவானமாப் பறக்கும், காத்தோட உள்ள வரும், யன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில வைச்சா உப்புக் கரிக்கும். அந்த வீட்டில பிணைச்சல், கொண்டி எல்லாம் அடிக்கடி மாத்திக்கொண்டிருக்க வேணும், அதுக்கு மாமி ஒரு தகரப்பெட்டியே வைச்சிருந்தவ. தகரக் கொட்டில் மழையை மறிக்கும், உப்பை எங்க மறிக்கிறது. காரின்ர பொடிக்குப் பெயின்ற் இருக்கு, அடித்தட்டுக்கு அண்டர்கோற் இருக்கு, எஞ்சினுக்குள்ள ஒயில் இருக்கு. பிரேக் டிஸ்க்குக்கு ஒண்டும் பூச ஏலாது, பூசினா பிடிக்காது, அது வெறும் மேலோட நிக்கிற வார்ப்பிரும்பு. மோட்டச்சைக்கிள் டிஸ்க் ஸ்டெயின்லெஸ்ல வருதே, காருக்கு ஏன் அப்பிடிச் செய்யினமில்லை எண்டு நான் கேக்காத ஆளில்லை. காரின்ர பாரத்துக்குச் சூட்டைக் கெதியா இழுத்துப் பரத்த வேணும், அதிர்வை விழுங்க வேணும், மலிவாயும் இருக்க வேணும், மூண்டையும் சேர்த்துச் செய்யிறது வார்ப்பிரும்பு, அதுக்குள்ள செதில் செதிலா இருக்கிற காபன்தான் அந்த வேலையைச் செய்யுது.

ஓடுற காருக்குக் கறள் ஒரு வில்லங்கமே இல்லை. இரவு மழை பெஞ்சா காலமை டிஸ்க் செம்மஞ்சளா இருக்கும், முதல் ரெண்டு மூண்டு பிரேக்கில பாட் அதை வழிச்செடுத்திடும், சத்தமும் அதோட போயிடும், அதைக் கண்டு ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. நிக்கிற காருக்குத்தான் கறள் உள்ள இறங்குது. இரும்பை விடக் கறளுக்கு இடம் கனக்க வேணும், ஒண்டு ரெண்டாகி மூண்டாகி வீங்கும், வீங்கினது பக்கத்தில இருக்கிறதைத் தள்ளும், இறுக்கும், ஒட்டும். பின்னால கேட்ட "டொக்" அதுதான். விற்ஸுக்கு முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம், சில்லோட சுத்துற கிண்ணம் மாதிரி, அதை உள்ளுக்கால லைனர் அமத்திப் பிடிக்கும். நான் ஒவ்வொரு ஞாயிறும் பெரிய பொறுப்போட இழுத்துவிட்ட ஹாண்ட்பிரேக், பின் டிரம்முக்குள்ள லைனரை அமத்திப் பிடிச்சபடி மாசக்கணக்கா வைச்சிருந்து, ரெண்டும் கறளால ஒட்டிக்கொண்டிட்டுது.

"இந்தக் காரை நீ பாக்காமலே விட்டிருந்தாலும் பின் பிரேக் தப்பியிருக்கும்" எண்டார் அண்ணை. பகிடிக்குத்தான் சொன்னவர், எனக்குச் சிரிப்பு வரேல்லை.

டிஸ்க்கை மாத்துறதோ, லேத்தில குடுத்துக் கடைஞ்செடுக்கிறதோ எண்டு அடுத்த கதை. எங்கட ஆக்களுக்கு உள்ளதைத் திருத்தி ஓடுறதுதான் முதல் புத்தி, அதில பிழையும் சொல்ல ஏலாது, 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி தனியார் கார் திரும்ப வர 2025 ஆச்சுது, இடையில 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் பாய்ஞ்சுது, அந்தக் காலத்தில ஒரு பழைய விற்ஸுக்குச் சொன்ன விலைக்கு ஊரில காணி வாங்கலாம் போல இருந்தது. அதால நானும் "கடைஞ்சு பாப்பமே அண்ணை" எண்டன். அவர் ஒண்டும் சொல்லாமல் டிஸ்க்கின்ர ஓரத்தை வயர் பிரஷ்ஷால தேய்ச்சுக் காட்டினார். கறளுக்குக் கீழ எழுத்து அடிச்சிருக்கு, மினிமம் 20 மில்லிமீற்றர். அதுக்குக் கீழ போனா டிஸ்க்கைத் தூக்கி எறி எண்டு அர்த்தம். புதுசுக்கும் இந்தக் கணக்குக்கும் பெரிய தூரமில்லை, அனேகமான கார்களில ரெண்டு மில்லிமீற்றர் அளவுதான் தேய விட்டிருப்பாங்கள்.

அளக்கிறதுக்கு வேணியர் இருக்கு எண்டு நான் துள்ளிக்கொண்டு போனன். ஏ/எல் பிசிக்ஸ் பிராக்டிக்கல்ல வேணியர் இடுக்கிமானியும் திருகுக் கணிச்சியும் வைச்சு அளந்த அளவு, பிறகு வாழ்க்கையில ஒருநாளும் உதவேல்லை எண்டு சொல்லித் திரிஞ்சவன் நான், இது என்ர நாள். வைச்சு அளந்தா 22 காட்டுது. "பாருங்கோ அண்ணை, புதுசு மாதிரி!" அண்ணை சிரிச்சார். பாட் படாத வெளி ஓரத்தில தேயாமல் ஒரு விளிம்பு நிக்கும், கறளும் அதில ஏறி நிக்கும், வேணியரின்ர வாய் நேராப் போய் அந்த விளிம்பைத்தான் பிடிக்கும், நடுவில தேஞ்ச இடத்தை இல்லை. அவர் பொக்கற்றில இருந்து ரெண்டு சில்லறைக் காசை எடுத்தார், டிஸ்க்கின்ர ரெண்டு பக்கமும் தேஞ்ச இடத்தில ஒவ்வொண்டை வைச்சுப் பிடி, அதுகளோட சேர்த்து அள, பிறகு காசு ரெண்டின்ர தடிப்பையும் தனிய அளந்து கழி எண்டார். கழிச்சா இடப்பக்கம் 19.6, வலப்பக்கம் 20.3. கடைஞ்சா வலதும் போயிடும். ஏ/எல்லில எனக்குப் படிப்பிச்ச சேர் இந்தக் காசு வேலையைச் சொல்லித்தரேல்லை.

மெல்லிசாப் போனா என்னத்துக்குப் பயம் எண்டு கேப்பீங்கள், இரும்பு உடைஞ்சு போயிடுமோ எண்டு. வெடிப்பு வாறதும் இருக்கு, ஆனா முக்கியம் சூடு. ஒரு தொன் பாரமான கார் 60 கிலோமீற்றர் வேகத்தில இருந்து நிக்கிறதுக்கு ஏறக்குறைய 140 கிலோயூல் சக்தியைச் சூடா மாத்த வேணும், அது அரை லீற்றர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கக் காணும், ரெண்டு மூண்டு பேருக்குத் தேத்தண்ணி. ஒரு தரம் பிரேக் அடிக்க ஒரு கேத்தல் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, அதில பெரும்பங்கு முன் ரெண்டு டிஸ்க்கிலதான் இறங்குது, பிரேக் பிடிக்கேக்க பாரமெல்லாம் முன்னுக்குச் சாயுறதால. வேகம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. இரும்பு குறைஞ்சா அந்தச் சூட்டை வாங்கி வைக்க இடமில்லை, பிரேக் பாட்டுக்கும் ஒயிலுக்கும்தான் அது போகும். மிதிச்ச அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுபோற பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான், டொட் 3 எண்ட வகை புதுசா இருக்கேக்க குறைஞ்சது 205 பாகையில கொதிக்க வேணும் எண்டு கணக்கு, ஈரம் குடிச்சாப்பிறகு 140 பாகை தாங்கினாக் காணும் எண்டு அதே கணக்குச் சொல்லுது. கொதிச்சா உள்ள ஆவி, ஆவியை அமத்தினா அமந்துகொண்டே போகும், மிதி தரைக்குப் போகும், கார் நிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுறது அதுக்குத்தான், எங்கட ஊர்ப் புழுக்கத்துக்கு அது கூடக் காணாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

சாமான் வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு, ஸ்ரான்லி றோட்டுக்குப் போனன். கடையில மூண்டு விதம் காட்டினாங்கள், யப்பான் பெட்டி, சைனாப் பெட்டி, பெட்டியே இல்லாத ரீகண்டிசன். ரீகண்டிசன் எண்டா வெளிநாட்டில பழசாகி வெட்டின காரில கழட்டினது, எஞ்சின் கியர்பொக்ஸ் எண்டா நானும் அதைத்தான் வாங்குவன், ஆனா தேஞ்சு போறதுக்கெண்டே செய்த சாமானைத் தேஞ்சபடி வாங்கி என்ன செய்யிறது. வேணியரை எடுத்துக் கடைக்காரப் பொடியனுக்கு முன்னால அளந்தன், 20.5. ரெண்டு காசை வைச்சு அளந்ததைப் பாத்து அவனுக்குக் கோபமோ ஆச்சரியமோ தெரியேல்லை, "அண்ணை நீங்க சேரோ?" எண்டு கேட்டான். புது டிஸ்க் ரெண்டும் ஒரு செற் பாட்டும் எடுத்தன். எப்பவும் சோடியாத்தான் மாத்த வேணும், ஒரு பக்கம் புதுசும் மற்றப் பக்கம் பழசும் எண்டா இழுவை போகாது. விலையை இஞ்ச எழுதமாட்டன், நீங்கள் வாசிக்கேக்க அது மாறியிருக்கும்.

அடுத்த நாள் அண்ணை சொன்னார், "நான் சொல்லுறன், நீ கழட்டு. உனக்கு இது பேந்தும் தேவைப்படும்." அவருக்கு முழங்கால் நோ, குந்தி இருக்க ஏலாது, அது உண்மைக் காரணம். ஜக்குக்குக் கீழ பலகை போட்டு, பின் சில்லுக்குக் கல்லு வைச்சு, காரைத் தூக்கி ஸ்டாண்டில விட்டன். ஜக்கில மட்டும் நிக்கிற காருக்குக் கீழ கை விரல் கூட வைக்கக்கூடாது, இதை அவர் மூண்டு தரம் சொன்னவர், நானும் எழுதிப்போடுறன்.

பாட்டை டிஸ்க்கில அமத்துற கலிப்பரைக் கழட்ட 14 ஸ்பானர், ரெண்டு போல்ட், லேசு. பிரேக் ஹோஸில தொங்க விடாமல் ஸ்பிரிங்கோட சேர்த்துக் கம்பியால கட்டினன். பாட்டை எடுத்தா, இடப்பக்கத்தில உள்பாட் 2 மில்லிமீற்றர், வெளிப்பாட் 6. ஒரே கலிப்பரில அண்ணன் தம்பிக்கு இப்பிடி வித்தியாசம் வரக்கூடாது. இந்தக் கலிப்பரில பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கு, அது உள்பாட்டை நேராத் தள்ளும், பிறகு முழுக் கலிப்பரும் ரெண்டு ஸ்லைட் பின்னில வழுக்கி வந்து வெளிப்பாட்டை இழுக்க வேணும். அந்த ஸ்லைட் பின் கறள் பிடிச்சு இறுகினா வழுக்கல் இல்லை, உள்பாட் தனிய நிண்டு மாரடிக்கும். கார் வலப்பக்கம் இழுத்ததுக்கு இதுதான் காரணம், இடப்பக்கம் அரைப் பிரேக்தான் வேலை செய்தது. அந்தப் பின்னைத் திருகித் திருகி வெளிய எடுக்க அரை மணித்தியாலம். றப்பர் உறை கிழிஞ்சு, உள்ள உப்பும் கறளும் சேறு மாதிரி. புது உறை போட்டு, பின்னைத் தேய்ச்சு, பிரேக்குக்கெண்டு விக்கிற சிலிக்கன் கிறீஸ் பூசினன். சில்லு பெயாரிங்குக்குப் போடுற சாதாரண கிறீஸை அங்க போட்டா றப்பர் ஊதிப் பெருத்து திரும்பவும் இறுகும், கனக்கக் கராஜில அந்த ஒரு டப்பாக் கிறீஸ்தான் எல்லாத்துக்கும் போகுது.

அடுத்தது டிஸ்க். அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஒண்டும் இல்லை, சில்லு நட்டுத்தான் பிடிக்கிறது, சில்லும் கலிப்பரும் அதைத் தாங்கிற சட்டமும் கழட்டினா அது கையில வர வேணும். வரேல்லை. சில்லும் டிஸ்க்கும் பூட்டுற ஹப்போட கறளால ஒண்டாகீட்டுது. றப்பர் சுத்தியலால அடிச்சன், பெரிய சுத்தியலால அடிச்சன், கறள் கழட்டுற ஸ்பிறே அடிச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து அடிச்சன், யூரியூப்பில ஒருத்தன் சுத்திச் சுத்தி அடிக்கச் சொன்னவன் எண்டு சுத்திச் சுத்தி அடிச்சன். கோயில் மணி மாதிரி சத்தம் வந்ததே தவிர அசைவில்லை. அண்ணை கதிரையில இருந்து பாத்துக்கொண்டே இருந்தார், எவ்வளவு நேரம் அடிக்கிறான் பாப்பம் எண்ட பார்வை. எனக்கு வேர்த்து ஊத்தினாப்பிறகு ஒரு போத்தல் மூடியில ரெண்டு 8 மில்லிமீற்றர் போல்ட்டைப் போட்டு நீட்டினார்.

"டிஸ்க்கில ரெண்டு சின்னத் துவாரம் இருக்கு, பாத்தனியோ?"

பாத்தனான். ஏதோ பாரம் குறைக்கப் போட்ட துவாரம் எண்டு நினைச்சனான். புரி வெட்டின துவாரம் அது. போல்ட் ரெண்டையும் அதுக்குள்ள விட்டு, இந்தப் பக்கம் அரைச் சுத்து அந்தப் பக்கம் அரைச் சுத்து எண்டு இறுக்கிக்கொண்டு போக, போல்ட்டின்ர மூக்கு ஹப்பில முட்டி டிஸ்க்கைத் தள்ளுது, நாலாம் தரம் இறுக்கேக்க "டக்" எண்டு கறள் கொட்டிக்கொண்டு கையில வந்திட்டுது. எனக்குச் சந்தோசமும் வந்தது, அண்ணையில கொஞ்சம் கோபமும் வந்தது. யப்பான்காரன் அதைச் செய்யேக்கயே இது ஒருநாள் ஒட்டும் எண்டு யோசிச்சு வழி விட்டிருக்கிறான், நான் ஒரு மணித்தியாலம் சுத்தியலோட நிண்டனான்.

கழட்டினாப்பிறகு புதுசைப் போட்டிடலாம் எண்டு எடுக்க, அண்ணை முதல் தரமாச் சத்தம் போட்டார். "வை அதை!" ஹப்பின்ர முகத்தைத் தடவிக் காட்டினார், பொருக்குப் பொருக்காக் கறள். அந்தப் பொருக்குக்கு மேல புது டிஸ்க்கை வைச்சா டிஸ்க் ஒரு மயிரிழை சரிஞ்சு நிக்கும். 0.05 மில்லிமீற்றருக்கு மேல ஆடக்கூடாது எண்டு கணக்கு, அது ஒரு தலைமயிர்த் தடிப்புக்கும் குறைவு. ஆடுற டிஸ்க் உடன ஒண்டும் காட்டாது, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓட ஓட ஒரு இடத்தில மட்டும் பாட்டில உரசி உரசி அந்த இடம் மெல்லிசாகும், பிறகு ஸ்டியரிங் ஆடும், அப்ப எல்லாரும் "சாமான் சரியில்லை, சைனா" எண்டு கடைக்காரனைத் திட்டுவினம். ஹப்பை வயர் பிரஷ், எமரி பேப்பர், திரும்ப வயர் பிரஷ் எண்டு இரும்பு வெள்ளையாத் தெரியுமட்டும் தேய்ச்சன், ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம். பாட் இருந்து ஓடுற தவாளிப்பையும் அப்பிடியே. அண்டைக்கு முழு நாள் செய்த வேலையில புதுசு பூட்டினது இருவது நிமிசம் வராது, மிச்சமெல்லாம் கறள் தேய்ச்சதுதான், அதுக்குத்தான் அண்ணை காசு வாங்கிறவர் எண்டு அப்ப விளங்கிச்சுது. தூசை ஊதாத, நெஞ்சுக்குக் கூடாது எண்டு ஈரத்துணி ஒண்டும் தந்தவர்.

தேய்ச்சுக்கொண்டிருக்க அண்ணை ஏ நாப்பது கதைக்கு வந்திட்டார். அதுக்கு நாலு சில்லிலயும் டிரம், டிஸ்க் கிஸ்க் ஒண்டும் இல்லை, இருந்தும் நிண்டது எண்டார். நானும் சும்மா இருக்கேல்லை, டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்ரர் எண்ட இங்கிலாந்துக்காரர் 1902லயே காப்புரிமை எடுத்தவர், 1953ல லெ மான் 24 மணித்தியால ஓட்டத்தில ஜாகுவார் டிஸ்க்கோட வந்து வெண்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது எண்டு எடுத்துவிட்டன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அவங்கள் 24 மணித்தியாலம் ஓடினவங்கள். உன்ர மாமான்ர கார் வருசம் முழுக்க நிண்டது" எண்டார்.

என்ர பிழை ஒண்டும் இருக்கு, அதையும் சொல்லிப்போட வேணும். மூண்டு மாசத்துக்கு முதல் போனற்றைத் திறந்து பாத்து, பிரேக் ஒயில் குறைஞ்சிருக்கு எண்டு ஒரு சின்னப் போத்தல் வாங்கி மேல் கோடு வரைக்கும் ஊத்தினனான். அது எங்கயும் ஒழுகிக் குறையேல்லை, பாட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் கீழ இறங்கும், அவ்வளவுதான். இப்ப புது, தடிச்ச பாட் போடுறதுக்குப் பிஸ்டனை உள்ள தள்ளினா அந்த ஒயில் எல்லாம் திரும்ப மேல வரும். நான் ஜி கிளாம்ப்பைப் போட்டுப் பெருமையாத் தள்ள, மேல டாங்கி வழிஞ்சு, மட்காட் ஓரத்தால ஒழுகி, நான் கண்டு தண்ணி ஊத்த முதல் பெயின்றை ஒரு கை அகலத்துக்கு ஊதப்பண்ணிப்போட்டுது. ஒயில் குறைஞ்சாப் பாட்டைப் பார், ஊத்தாத. மாமாவுக்கு அந்த இடம் இண்டைக்கும் தெரியாது, இதை வாசிக்க மாட்டார் எண்ட தைரியத்தில எழுதுறன்.

புது டிஸ்க்கில கறள் பிடியாமல் எண்ணெய் பூசி வரும், அதைச் சவுக்காரத் தண்ணியால நல்லாக் கழுவித் துடைச்சுக் காயவிட்டுப் பூட்டினன். சில்லு நட்டை எதிரெதிரா இறுக்கினன். பின் டிரம்மையும் திறந்து லைனரைத் தேய்ச்சு விட்டம், அது பெரிய கதையில்லை. காரை இறக்கின உடன நான் சீற்றில ஏறி ஸ்டார்ட் பண்ண, அண்ணை கதவைப் பிடிச்சார். "மிதி." மிதிச்சன், மிதி நேராப் போய் தரையில முட்டிச்சுது. நெஞ்சு திக் எண்டுது. பிஸ்டனை உள்ள தள்ளின இடைவெளி அது, ஆறேழு தரம் மிதிக்க ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமா இறுகி மேல வந்தது. இதைச் செய்யாமல் ரிவேர்ஸ் எடுத்த ஒருத்தர் அண்ணையின்ர மதிலை உடைச்சவர், மதிலில அந்த இடம் மட்டும் புதுச் சீமெந்து.

பின்னேரம் வல்லை வெளிக்குக் கொண்டுபோனன். புது பாட்டும் புது டிஸ்க்கும் ஒண்டோடொண்டு பழக வேணும், பாட்டில இருந்து ஒரு மெல்லிய படை டிஸ்க் முழுக்கச் சமனாப் படிய வேணும், அதுக்கு ஆளில்லாத நேர் றோட்டு வேணும், எங்கட பக்கத்தில அதுக்கு வல்லையை விட்டா வேற இடமில்லை. ரெண்டு பக்கமும் தரவை, கடல்நீரேரிக் காத்து, முன்னுக்குப் பின்னுக்கு வாகனம் இருந்தாத் தூரத்திலயே தெரியும். றோட்டோரத்து முனியப்பர் கோயிலுக்குச் சில்லறை போட்டிட்டு, 50 வரைக்கும் எடுத்து, 10 வரைக்கும் இறக்கி, முழுக்க நிக்கவிடாமல் திரும்ப எடுத்து, இப்பிடிப் பத்துத் தரம். சூடேறின பாட்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டா பாட் அந்த இடத்தில அச்சு விட்டிடும், அதால பிரேக்கில கால் வைக்காமல் கொஞ்சத் தூரம் சும்மா ஓடி ஆறவிட்டன். முதல் மூண்டு தரம் வெண்ணெய் மாதிரி வழுக்கிச்சுது, ஏழு எட்டில பிடி வந்தது, ஒரு கருகின மணமும் வந்தது, அது வரத்தான் வேணும். பத்தாம் தரம் கால் வைச்ச இடத்தில கார் நிண்டது. துடிப்பில்லை, இழுவையில்லை. ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட ஐயா ஒருத்தர், கார் ஓட்டப் பழகிறான் போல எண்டு பாத்துக்கொண்டு நிண்டார்.

மாமா வந்தார், நல்லூருக்கு ஓடினார், சந்நிதிக்கு ஓடினார், கீரிமலைக்கு ஓடினார். "பிரேக் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்குது, என்ன?" எண்டு மட்டும் கேட்டார். பில்லைக் காட்டினன், காசு தந்தார், ஏன் எண்டு விளங்கப்படுத்த வெளிக்கிட, "அது சரி, பற்றரி நல்லா இருக்குத் தம்பி, நீ கவனமாப் பாத்திருக்கிறாய்" எண்டு முதுகில தட்டினார். பிளேன் ஏற முதல் அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னார்.

இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில நான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறதில்லை. நெல்லியடியால வல்லை வரைக்கும் ஓடி, நாலஞ்சு தரம் நல்லாப் பிரேக் பிடிச்சு, திரும்பக் கொண்டுவந்து விடுறன். மழை நாளெண்டா ஒழுங்கைக்குத் திரும்ப முதல் இன்னும் ரெண்டு பிரேக், டிஸ்க் சூடாகி ஈரம் காயிறதுக்கு. கழுவின உடன கொட்டிலுக்குள்ள விடுறதே இல்லை. ஹாண்ட்பிரேக்கைத் தொடுறதில்லை, கியரைப் பி-யில போட்டிட்டு, உடைஞ்ச மதில்கல்லு ஒண்டைப் பின் ரயருக்கு முட்டுக் குடுத்து வைச்சிருக்கிறன்.

பெற்றோல் பில்லை மாமாவுக்கு வட்ஸப்பில அனுப்புறனான். போன கிழமை கோல் எடுத்தார், "ஸ்டார்ட் பண்ணி வைக்க இவ்வளவு பெற்றோல் போகுமே?" எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், வீடியோவில கொட்டிலைக் காட்டச் சொன்னார். காட்டினன். கனநேரம் பாத்தார்.

"தம்பி, ரயருக்குக் கீழ என்ன கல்லு? ஹாண்ட்பிரேக் பழுதோ?"